கோஸ்ட் ட்ரிக் ரீமாஸ்டரை முதன்முறையாக விளையாடப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இறந்துபோன ஒருவன் தன்னைக் கொன்றது யார், தான் யார் என்பதையே அறியாமல் கண்விழிக்கிறான். விடிவதற்குள் அவன் ஆவி மறைந்துவிடும். அந்த ஓரிரவுக்குள் மற்றவர்களின் சாவைத் தடுத்தபடியே தன் சாவின் மர்மத்தையும் அவன் அவிழ்க்க வேண்டும். கேப்காம் நிறுவனத்தின் "கோஸ்ட் ட்ரிக்: பேண்டம் டிடெக்டிவ்" என்னும் புதிர் விளையாட்டைப் பற்றி, அதை விளையாடாதவரிடம் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இதற்கு மேல் அறிந்துகொண்டு போனால் விளையாட்டின் பெரும்பகுதி கைநழுவிப் போகும்.

நான் அப்படித்தான் இழந்தேன். வாங்கும் முன் ஆடிப் பார்க்கத் தரும் டெமோவில் விளையாடிய பகுதியை அவசரத்தில் அழித்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆடினேன். நடுவில் ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டு இணையத்தில் விடை தேடியபோது, நான் கேட்ட கேள்விக்கான பதிலுக்கு மேலேயே இறுதி அத்தியாயத்தின் முக்கிய ரகசியம் ஒரே வரியில் எழுதப்பட்டிருந்தது. படித்ததை மறக்க முடியவில்லை. இந்த விளையாட்டை உண்மையாக ஒரு முறைதான் விளையாட முடியும். அந்த ஒரு முறை உங்களுக்கு முழுமையாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முதல் அத்தியாயத்தைத் தாண்டிய கதை எதையும் இங்கே சொல்லவில்லை.

1. எந்தக் கருவியில் விளையாடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஷூ தகுமி எழுதி இயக்கிய இந்த விளையாட்டு முதலில் 2010-ல் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்காக ஜப்பானில் வெளிவந்தது. நீங்கள் வாங்க வேண்டியது 2023 ஜூன் 30 அன்று வெளியான ரீமாஸ்டர், அதாவது புதிய கருவிகளுக்காக மெருகேற்றிய பதிப்பு. அது நின்டெண்டோ ஸ்விட்ச், பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன், விண்டோஸ் கணினி ஆகியவற்றுக்குக் கிடைக்கிறது. பிஎஸ்5 வைத்திருப்போர் பிஎஸ்4 பதிப்பையும், எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் வைத்திருப்போர் எக்ஸ்பாக்ஸ் ஒன் பதிப்பையும் அப்படியே இயக்கலாம். 2024 மார்ச்சில் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் ரீமாஸ்டர் வந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு வகைக் கருவியில் வாங்கியது இன்னொரு வகையில் செல்லாது. ஒன்றில் சேமித்த ஆட்டத்தையும் மற்றொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. "இப்போது கைப்பேசியில் தொடங்குவோம், பிறகு பெரிய திரையில் தொடரலாம்" என்று எண்ணி வாங்கினால் இரண்டு முறை பணம் கட்டி இரண்டு முறை முதலிலிருந்து ஆட வேண்டியிருக்கும். ஆகவே இறுதி அத்தியாயம் வரை எந்தத் திரையின் முன்னால் உட்காரப் போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

என் தனிப்பட்ட கருத்தைக் கேட்டால், டிஎஸ் காலத்தில் எழுதுகோலால் திரையைத் தொட்டு விளையாடுவதற்காக உருவானது என்பதால் தொடுதிரையில் இது இயல்பாகப் பொருந்துகிறது. ஆனால் இதில் மனிதர்கள் நடக்கும் விதம், திரும்பும் விதம், ஆடும் விதம் ஒவ்வொன்றும் அவ்வளவு நுட்பமாக அசைவூட்டப்பட்டிருக்கிறது. ரீமாஸ்டரில் அது நொடிக்கு 60 படச்சட்டங்களாகத் தெளிவாகத் தெரிகிறது. அதைப் பெரிய திரையில் பார்ப்பதையே நான் விரும்புகிறேன்.

2. காசு கொடுப்பதற்கு முன் டெமோவை ஆடிப் பாருங்கள்

கணினியிலும் கன்சோல்களிலும் இலவச டெமோ வெளியிடப்பட்டது. கதையின் தொடக்கப் பகுதி அதில் முழுமையாக இருக்கிறது. ஒரு மாலைப்பொழுது அதற்குப் போதும். புதிரின் இயல்பு உங்களுக்கு ஒத்துவருகிறதா, ஆங்கில வசனத்தின் வேகம் தாங்குகிறதா, கருவி சீராக இயங்குகிறதா என்ற மூன்று கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

டெமோவில் சேமித்ததை முழு ஆட்டத்திலும் தொடரலாம். ஆனால் இரண்டும் ஒரே கருவியில், ஒரே கணக்கில் இருக்க வேண்டும். முழு ஆட்டத்தை வாங்கி நிறுவி, அதைத் திறந்து, உங்கள் பழைய சேமிப்பு வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டெமோவை நீக்குங்கள். நான் இடம் போதவில்லையென்று டெமோவை முதலில் நீக்கியதால்தான் தொடக்கத்தை இரண்டாம் முறை ஆட நேர்ந்தது.

3. பணம் செலுத்தத் தேவையானவற்றை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

வெளியீட்டின்போது அமெரிக்க விலை 29.99 டாலர். கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை இந்தியாவில் விலையை ரூபாயில் காட்டும். இலங்கையில் டாலரில் காட்டும். கணினியில் வாங்குவோருக்குத் தேவையானவை இவைதான்: நீங்கள் அன்றாடம் திறந்து பார்க்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி, அதில் தொடங்கிய ஸ்டீம் கணக்கு, உள்நுழைவை உறுதிசெய்யும் கைப்பேசிச் செயலி, பணம் செலுத்தும் வழி. இந்தியாவில் யுபிஐ வழியாகச் செலுத்துவது எளிது. வங்கி அட்டையைப் பயன்படுத்தினால், 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய அட்டைகளில் இணையப் பயன்பாடும் பன்னாட்டுப் பயன்பாடும் முடக்கப்பட்டே வரும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். வங்கிச் செயலியில் அவற்றை இயக்கி, ஒரு வரம்பையும் வைத்துவிட்டுப் பிறகு வாங்கப் போங்கள்; இல்லையென்றால் பணம் செலுத்தும் கடைசிக் கட்டத்தில் பரிவர்த்தனை நிராகரிக்கப்படும்.

குறைந்த விலைக்காக வேறு நாட்டைக் கணக்கில் காட்ட முயல வேண்டாம். ஸ்டீமில் நாட்டை மாற்ற அந்த நாட்டின் பணம் செலுத்தும் வழி தேவை. மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் மாற்றவும் முடியாது. பொறுத்திருப்பதுதான் நேர்மையான சிக்கனம்: ஜூன் இறுதியை ஒட்டிய கோடைத் தள்ளுபடியிலும் டிசம்பர் இறுதியின் குளிர்காலத் தள்ளுபடியிலும் இதைப் போன்ற பழைய விளையாட்டுகளின் விலை கணிசமாகக் குறைவதுண்டு. விருப்பப் பட்டியலில் சேர்த்து வைத்தால் விலை குறையும்போது மின்னஞ்சல் வரும்.

பணத்தைத் திரும்பப் பெறும் விதிகள் கடைக்குக் கடை வேறுபடுகின்றன. ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் திரும்பக் கேட்கலாம். பிளேஸ்டேஷன் கடையிலும் 14 நாட்கள் உண்டு. ஆனால் பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டால், பழுது இருந்தாலொழிய அந்த உரிமை போய்விடும். பல கன்சோல்களில் வாங்கியவுடன் பதிவிறக்கம் தானாகவே தொடங்கிவிடும் என்பதால், உறுதியான பிறகே வாங்குங்கள். ஸ்விட்ச் வைத்திருக்கும் இந்திய வாசகர்களுக்கு இன்னொரு சுற்று இருக்கிறது: நின்டெண்டோவின் இணையக் கடை இந்தியாவுக்கென்று கிடையாது; வேறு நாட்டுக் கணக்கும் அந்நாட்டு நாணயத்தில், அந்தக் கடையில் செலவிடக்கூடிய முன்பணச் சீட்டும் (கிஃப்ட் கார்டு) வாங்க வேண்டியிருக்கும். அப்படிச் சீட்டு வாங்கும்போது கணக்கின் நாடும் சீட்டின் நாடும் ஒன்றா என்று இரு முறை பாருங்கள். பொருந்தாத சீட்டைப் பயன்படுத்த முடியாது; அதை விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்வதும் அரிது.

4. முதல் அமர்வுக்கு முன் செய்ய வேண்டியவை

விளையாட்டில் தமிழ் இல்லை. வசனங்களுக்குக் குரலும் இல்லை. எல்லாம் எழுத்தாகவே வரும், பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த வரிக்குப் போகும். ஆங்கிலத்தை மெதுவாக வாசிப்பவர்களுக்கு இது பெரும் உதவி. ஒரு சொல் புரியாவிட்டால் நிறுத்தி அகராதியைப் பாருங்கள். கதை உங்களுக்காகக் காத்திருக்கும்.

இசைக்கு இரண்டு வகை உண்டு. மசாகாசு சுகிமோரி அமைத்த பழைய இசையையும் ரீமாஸ்டருக்காகப் புதிதாகக் கோத்த வடிவத்தையும் மாற்றி மாற்றிக் கேட்கலாம். முதல் முறைக்குப் புதிய வடிவத்தை வைத்துக்கொள்வதில் குறையொன்றும் இல்லை.

ஒரு சிறு குறிப்பேட்டையும் எடுத்து வையுங்கள். பெயர், இடம், கடிகார நேரம் ஆகிய மூன்று பத்திகள் போதும். கதை முழுவதும் ஒரே இரவில், ஒரே நகரத்தின் பல இடங்களில் நடக்கிறது. ஒரு இடத்தில் காதில் விழுந்த சொல்லுக்கு வேறொரு இடத்தில் பொருள் கிடைக்கும். பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட எண்ணுவோருக்கு ஒன்று: சுட்டுக் கொல்வது உட்படப் பல சாவுகள் இதில் காட்டப்படுகின்றன. அமெரிக்கத் தரப்படுத்தலில் இது பதின்பருவத்தினருக்குரியது, அதாவது 13 வயதுக்கு மேற்பட்டோருக்கு.

5. இரண்டு உலகங்களின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

நாயகன் சிஸ்ஸல் செய்வது நம் சித்தர் கதைகளில் வரும் கூடுவிட்டுக் கூடு பாய்தலுக்கு நெருங்கியது. ஆனால் அவன் உயிருள்ள உடல்களில் புகுவதில்லை. விளக்கு, கதவு, மிதிவண்டி போன்ற பொருள்களில் புகுகிறான். ஒரு பொத்தானை அழுத்தினால் ஆவி உலகம் திறக்கும். அங்கே காலம் நின்றுவிடும். பொருள்களின் உள்ளே ஒளிரும் கருக்கள் தெரியும். ஒரு கருவிலிருந்து அருகிலுள்ள இன்னொன்றுக்குத் தாவலாம். மறுபடி அழுத்தினால் உயிருள்ளோர் உலகுக்குத் திரும்புவீர்கள். அங்கே காலம் ஓடும். நீங்கள் புகுந்திருக்கும் பொருளை அங்கேதான் அசைக்க முடியும்.

புதியவர்கள் தடுமாறுவது தாவும் தூரத்தில்தான். சிஸ்ஸலின் எட்டும் தூரம் மிகக் குறைவு. அடுத்த கரு எட்டவில்லையென்றால், நீங்கள் இருக்கும் பொருளையே நகர்த்தி, அதன் மூலம் நீங்களும் நகர வேண்டும். முதல் அத்தியாயத்தின் பழைய இரும்புக் கிடங்கில் உள்ள தடுப்புக் கம்பம் இதற்கான பாடம்: அது கிடைமட்டமாக இருக்கும்போது எட்டாத இடம், உயர்ந்து நிற்கும்போது எட்டிவிடும். இந்த ஒரு பாடத்தை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிப் புதிர்கள் தம்மைத் தாமே விளக்கிக்கொள்ளும். "இதை அசைத்தால் என்ன நடக்கும்" என்ற கேள்வியோடு "இதை அசைத்தால் நான் எங்கே போய்ச் சேருவேன்" என்றும் ஒவ்வொரு பொருளிடமும் கேளுங்கள்.

6. சாவுக்கு முந்தைய 4 நிமிடங்களை வாசிக்கப் பழகுங்கள்

ஒருவர் இறந்த பின் அவரது உடலில் உள்ள கருவைத் தொட்டால், அவர் இறப்பதற்கு 4 நிமிடங்களுக்கு முன் போய்விடலாம். அந்த நான்கு நிமிடங்களுக்குள் ஏதேனும் ஒன்றை மாற்றி, அவர் உயிர் பிழைக்கச் செய்வதுதான் விளையாட்டின் இதயம். வேறு எதற்கும் இவ்வளவு இடம் கொடுக்கப்போவதில்லை, ஏனென்றால் இதை அவசரமாகச் செய்தவர்கள்தான் அலுத்துப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

முதலில் நடந்தது நடந்தபடி உங்களுக்குக் காட்டப்படும். அப்போது எதைச் செய்யலாம் என்று யோசிக்காதீர்கள், வெறுமனே பாருங்கள். யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார், எங்கே நிற்கிறார், எப்போது திரும்புகிறார், எந்த ஒலியைக் கேட்டுத் தலையைத் தூக்குகிறார் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, தாமாக நகரும் பொருள்களைக் கவனியுங்கள். ஒருவர் கையில் எடுக்கும் பொருளுக்குள் நீங்கள் முன்கூட்டியே புகுந்திருந்தால், அவரே உங்களைச் சுமந்துகொண்டு போவார். உருண்டு போவதும் அப்படியே, கீழே விழுவதும் அப்படியே. கொல்ல வந்தவனின் கையே பல நேரங்களில் உங்களுக்கு வாகனமாக அமையும்.

பிறகு சாவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இந்தக் குண்டு பாயாமல் இருக்க என்ன நடந்திருக்க வேண்டும்? அது நடக்க எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும்? அந்தப் பொருளை நான் அடைய எந்த நொடியில் எங்கே இருக்க வேண்டும்? தொடக்கத்திலிருந்து முன்னோக்கி எல்லாப் பொருளையும் அசைத்துப் பார்ப்பதைவிட இந்த வழி மிகக் குறைந்த நேரம் எடுக்கும்.

ஆவி உலகில் காலம் நிற்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். நேரம் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பதறும் புதியவர்கள் உயிருள்ளோர் உலகில் நின்றபடியே யோசிக்கிறார்கள். நான்கு நிமிடமும் அங்கேயே கரைந்துவிடுகிறது. யோசிப்பதை எல்லாம் ஆவி உலகில் செய்யுங்கள். அசைப்பதற்கு மட்டும் வெளியே வாருங்கள். ஒவ்வொரு பொருளிலும் புகும்போது அதன் பெயரும் அதைக் கொண்டு செய்யக்கூடிய செயலின் பெயரும் திரையில் எழுத்தாக வரும். அசைப்பதற்கு முன் அதைப் படியுங்கள்.

ஒரு நொடியைத் தவறவிட்டால் மீதி நேரம் முழுவதும் பயனற்றுப் போகும் புதிர்கள் இதில் பல உண்டு. அப்படித் தவறவிட்டது தெரிந்த உடனே பின்னோக்கித் திருப்பி மறுபடி தொடங்குங்கள். எத்தனை முறை திருப்பினாலும் தண்டனை எதுவும் இல்லை. அவருடைய தலைவிதியில் ஒரு சிறு மாற்றத்தைக் கொண்டுவந்துவிட்டால் அந்த இடத்திலிருந்தே மீண்டும் தொடங்கும் வாய்ப்பும் கிடைக்கும். ஆனால் அந்த மாற்றத்துக்கு முன்பே ஏதேனும் செய்திருக்க வேண்டியிருந்ததா என்ற ஐயம் எழுந்தால், நான்கு நிமிடத்தின் தொடக்கத்துக்கே திரும்பிப் போகத் தயங்காதீர்கள்.

7. தொலைபேசிக் கம்பிகளை அலட்சியம் செய்யாதீர்கள்

ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகத் தொலைபேசிக் கம்பிதான் வழி. யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது தொலைபேசியில் புகுந்தால் மறுமுனைக்குப் போகலாம். ஒருமுறை அறிந்த எண்ணுக்கு மறுபடியும் போகலாம். கதையில் அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நின்றால், அருகிலுள்ள தொலைபேசிக்குப் போய் அது எந்தெந்த இடங்களைக் காட்டுகிறது என்று பாருங்கள்.

8. சிக்கிக்கொண்டால் செய்ய வேண்டியவையும் செய்யக்கூடாதவையும்

முதலில், நீங்கள் காப்பாற்ற முயலும் ஆவியோடு பேசுங்கள். இறந்தவர்கள் அந்த நான்கு நிமிடங்களில் உங்களோடு உரையாடுவார்கள். அவர்களுடைய பேச்சிலும் சிஸ்ஸலின் எண்ணங்களிலும் குறிப்புகள் ஒளிந்திருக்கும். தோற்ற பிறகு வரும் வசனத்தைத் தாண்டிவிடாமல் படியுங்கள்; எந்த இடத்தைத் தவறவிட்டீர்கள் என்பதை அது பெரும்பாலும் சொல்லிவிடும். அதன் பின்னும் வழி தெரியாவிட்டால் கருவியை அணைத்துவிட்டு மறுநாள் வாருங்கள். இருபது நிமிடம் முட்டி மோதிய புதிரை மறுநாள் காலையில் இரண்டு நிமிடத்தில் அவிழ்த்த அனுபவம் எனக்குப் பலமுறை உண்டு.

இணையத்தில் தேடியே ஆக வேண்டுமென்றால் சில எச்சரிக்கைகள். கதாபாத்திரத்தின் பெயரைத் தேடாதீர்கள். கலைக்களஞ்சியப் பக்கங்களின் முதல் வரியே ரகசியத்தைச் சொல்லிவிடும். தேடுபெட்டி தானாக நிரப்பும் சொற்களும் காணொளிகளின் முகப்புப் படங்களும் அதே தீங்கைச் செய்யும். அத்தியாய எண்ணை மட்டும் தட்டச்சு செய்து, எழுத்து வடிவ வழிகாட்டியைத் திறந்து, உங்களுக்குத் தேவையான ஒரே படியைப் படித்துவிட்டு மூடிவிடுங்கள். இதைவிட நல்லது, முன்பே விளையாடி முடித்த நண்பர் ஒருவரிடம் "இந்தப் பொருளைப் பார்த்தேனா இல்லையா, அது மட்டும் சொல்" என்று கேட்பது. இசைத்தொகுப்பின் பாடல் பெயர்களையும் சாதனைப் பட்டியலையும் முடிக்கும் வரை பார்க்காமல் இருங்கள்.

9. நேரத்தை இப்படி ஒதுக்குங்கள்

மொத்தம் 18 அத்தியாயங்கள். நிதானமாக ஆடினால் 12 முதல் 15 மணி நேரம் ஆகும். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடலாம். நடுவில் ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். இழைகள் அவ்வளவு நெருக்கமாகப் பின்னப்பட்டிருக்கின்றன. கடைசி மூன்று அத்தியாயங்களை ஒரே விடுமுறை நாளில், கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டு ஆடுங்கள். அந்த நாளைத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்து வைப்பது நல்லது.

ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் விளையாட்டின் தெரிவுப் பட்டியலைத் (மெனு) திறந்து நீங்களே சேமித்துவிட்டு வெளியேறுங்கள்.

10. முடித்த பிறகு

ரீமாஸ்டரோடு நகரும் படத்துண்டுகளைச் சேர்க்கும் "கோஸ்ட் பசில்" என்ற துணைப் புதிர்களும் ஓவியத் தொகுப்பும் இசைத் தொகுப்பும் வருகின்றன. அவற்றை இறுதி அத்தியாயத்துக்குப் பிறகு திறந்தால் ஒவ்வொரு படமும் உங்களுக்கு அறிமுகமான தருணமாக இருக்கும். பிறகு ஓரிரு நாள் கழித்து, குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு முதல் இரண்டு அத்தியாயங்களை மறுபடி ஆடுங்கள். பொமரேனியன் நாய் மிஸ்ஸைல் முதல்முறை வரும் காட்சியில் பொத்தானை அழுத்தாமல் சற்று நிறுத்திப் பாருங்கள். தகுமி தன் சொந்த நாயின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். இந்த முறை இசையைப் பழைய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.